அஞ்சாலாட்சி ஊற்றிய பீர்

பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலையிலிருந்த அய்யனாரப்பன், புதுச்சேரிக்குத் தெற்கே சங்குமேட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கச்சி அஞ்சாலாட்சிக்கு இடுப்பெலும்பு இரண்டாம் தடவையாக விரிசல் விட்டதென்று கேள்விப்பட்ட வருஷத்தில், அவள் புருஷன் தாண்டவராயனை வெட்டிப்போடலாமா இல்லை அவனுக்கு ஏதாவது வாங்கிக்கொடுக்கலாமா என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்து, வெட்டினால் தங்கச்சி தாலியறுத்து நிற்பாள், தான் ஜெயிலில் உட்கார்ந்திருப்போம் என்பதால், வாங்கிக்கொடுப்பது என்று முடிவு செய்தான்.

அவன் வாங்கியது வீட்டில் மேடைமேல் வைத்துக்கொள்கிற பீர் மெஷின். மிக்ஸியைவிடப் பெரிசு, கிரைண்டரைவிடச் சிறிசு. கறுப்பு உடம்பு, நெற்றியில் பளபளவென்று ஒரு பிடி, பிடிக்குக் கீழே கொக்கின் மூக்குபோல ஒரு குழாய், அதற்கும் கீழே சிந்துவதைப் பிடிக்க ஒரு சின்னத் தட்டு. உள்ளே இருக்கிற எவர்சில்வர் குடுவையில் பீரை ஊற்றி, மூடியை இறுக்கி, கட்டைவிரல் நீளத்தில் ஒரு காஸ் குப்பியைத் திருகிவிட்டு, பிளக்கைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரியும். குளிர்ந்ததும் பச்சை எரியும். அதற்கப்புறம் பிடியை இழுத்தால் கடையில் ஊற்றுகிற மாதிரியே நுரை கட்டிக்கொண்டு வரும். ஒரு பெட்டி நிறைய காஸ் குப்பிகளோடு அதை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, சமையல்கட்டில் கேஸ் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் நடுவில் வைத்துவிட்டு அய்யனாரப்பன் சொன்னான்:

"மச்சான், கடையில போயி நின்னு கண்டதையும் ஊத்திக்காதீங்க. பீர வாங்கியாந்து இதுல ஊத்தி வூட்லயே குடிங்க. தலைக்குச் சூடு ஏறாது."

தாண்டவராயன் பிடியைத் தடவிப் பார்த்து, "சூடு ஏறாதா?" என்று கேட்டான்.

"ஏறாது மச்சான்" என்றான் அய்யனாரப்பன், தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டான்.

படகு திரும்பி, மீன் ஏலம் போய், குளித்துவிட்டு வந்த ஒரு மத்தியானத்தில் தாண்டவராயன் நாலு பாட்டில் வாங்கிவந்து குடுவையில் கவிழ்த்தான். பச்சை விளக்கு எரிவதற்குள் பொறுமை போய் பிடியைப் பாதி இழுத்தான். கிளாஸ் நிறைய நுரைதான் வந்தது. மறுபடியும் இழுத்தான், மறுபடியும் நுரை. "நீயே ஊத்துமே" என்று கத்திவிட்டு நடுவீட்டில் போய் உட்கார்ந்தான். அஞ்சாலாட்சி பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்தாள். எழுத்து பிரெஞ்சு, படங்கள் எல்லோருக்கும் பொது. கிளாஸைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும், குழாயின் மூக்கு கிளாஸின் கன்னத்தைத் தொடவேண்டும், பிடியைப் பயப்படாமல் கடைசிவரைக்கும் முன்னால் இழுக்கவேண்டும், கிளாஸ் முக்கால் நிறைந்ததும் நிமிர்த்தவேண்டும், மேலே இரண்டு விரல் நுரைக்கு மட்டும் பிடியைப் பின்னால் தள்ளவேண்டும். முதல் தடவையிலேயே அவளுக்கு வந்துவிட்டது. பொன்னிறத்தில் வேர்த்து நின்ற கிளாஸைக் கொண்டுபோய் வைத்தாள். தாண்டவராயன் ஐந்து கிளாஸ் குடித்தான். ஆறாவதை வாங்கும்போது நெத்திலி வறுவலில் உப்பு கூட என்று எழுந்து நின்று அவள் இடது கன்னத்தில் அறைந்தான்.

சத்தம் எப்போதும் போலத்தான் கேட்டது. அவள் கன்னத்தில் மட்டும் விசிறியால் வீசினாற்போல ஒரு காற்று பட்டது. தாண்டவராயனின் இடது கன்னத்தில் ஐந்து விரலும் தடித்து எழும்பி, உதடு கிழிந்து, ஒரு கடைவாய்ப்பல் நெத்திலித் தட்டில் விழுந்தது.

"எவன்டா அவன்?" என்று திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. ஆத்திரத்தில் அவள் இடுப்பைப் பார்த்து ஓர் உதை விட்டான். மளுக்கென்று ஓர் ஓசை அவன் இடுப்புக்குள்ளிருந்தே வந்தது. வெட்டிப்போட்ட வாழைமரம்போல அப்படியே சரிந்தான்.

அஞ்சாலாட்சிக்கு ஆச்சரியமாக இல்லை. பத்து வருஷமாக ஓய்வே இல்லாத உடம்பு அது, ஆச்சரியப்படவும் அதற்குத் தெம்பு வேண்டியிருந்தது. பல்லை எடுத்துக் குப்பையில் போட்டாள், தட்டைக் கழுவினாள், மஞ்சளும் உப்பும் அரைத்துக் கொண்டுவந்து அவன் இடுப்பில் பற்றுப்போட்டாள். பற்றுப்போடும்போதே அவன் கையை ஓங்கினான், அவன் மூக்கிலிருந்தே ரத்தம் வந்தது. மறுநாள் படுத்தபடியே விளக்குமாற்றை எடுத்தான், மூன்றாம் நாள் தேங்காய் மட்டையை எடுத்தான், நாலாம் நாளிலிருந்து இரண்டு கைகளையும் அக்குளில் வைத்துக் கட்டிக்கொண்டான். கேட்டவர்களிடம், படகில் கால் வழுக்கி இஞ்சின் மேல் விழுந்துவிட்டேன் என்று சொன்னான்.

பக்கத்து வீட்டுப் பச்சைவாழிக்கு அந்தக் கதை ஒப்பவில்லை. அவள் கைம்பெண், அவளை அடிக்கப் புருஷன் இல்லாத குறையை இருபத்துநாலு வயசு மகன் ஞானசெல்வம் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தான். மீன் அலசுகிற இடத்தில் அஞ்சாலாட்சியின் வாயிலிருந்து விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டு, கையிலிருந்த சங்கராமீனின் செதிலெல்லாம் உதிர்கிறவரைக்கும் யோசித்தாள்.

"எம் புள்ளைக்கு ஒரு கிளாஸ் ஊத்துவியாடி?" என்றாள்.

"ஊத்துறன் யக்கா. ஆனா அடிச்சா அடி அவம்மேல வுழும். தாங்குவானா?"

"நான் தாங்கலயா?" என்றாள் பச்சைவாழி.

அன்றிலிருந்து சங்குமேட்டில் படகு திரும்புகிற நேரத்துக்கு அஞ்சாலாட்சியின் சமையல்கட்டு கூட்டமாகிவிட்டது. மெஷின் பீர் என்றால் பிரான்சு பீர், ஜில்லென்று இருக்கும், தலை வலிக்காது என்று பெண்டாட்டிகளே புருஷனிடம் சொன்னார்கள், அம்மாக்களே மகனிடம் சொன்னார்கள், பாட்டிலை வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு அவர்களே வந்தார்கள். அஞ்சாலாட்சி கிளாஸைச் சாய்த்து, பிடியை இழுத்து, நிமிர்த்தி, பின்னால் தள்ளி, இரண்டு விரல் நுரையோடு நீட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு கிளாஸ் போதும். ஒருதரம் உள்ளே போனால் ஆயுசுக்கும் அது போகாது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கடல் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்டுவிட்டா அவர்கள் அதில் இறங்குகிறார்கள்.

ஆம்பிளைகளுக்கு வெகுநாள் விஷயம் பிடிபடவில்லை. ஒவ்வொருவனும் தன் காயத்துக்கு ஒரு கதை வைத்திருந்தான். ஒருவனுக்கு மூக்குத்தண்டு உடைந்தது, வலை இழுக்கும்போது கயிறு அடித்துவிட்டது என்றான். ஒருவனுக்குக் காது கிழிந்தது, சுறா என்றான். பெல்ட்டால் மகளை அடிக்கிற பழக்கமுள்ள ஒருவன் முதுகு நெடுக வரிவரியாய்க் கிழிந்து, குப்புறப்படுத்துக்கொண்டு சொறிமீன் பட்டுவிட்டது என்று அழுதான். சுகாதார நிலையத்து நர்ஸ் கட்டுப்போட்டுப் போட்டு அலுத்து, "சங்குமேட்டுப் பொம்பளைங்கல்லாம் எங்க போயிட்டாங்க, ஆம்பிளைங்களாவே வர்றீங்க?" என்று கேட்டாள்.

மாசிமகத்தன்று சாமியைக் கடலுக்குத் தூக்கிப்போகையில், பல்லக்கின் முன்கொம்பை யார் பிடிப்பது என்பதில் வடக்குத்தெருவுக்கும் தெற்குத்தெருவுக்கும் சண்டை வந்தது. பட்டப்பகல், பளிச்சென்ற வெயில், ஊரே நின்று பார்த்தது. வடக்குத்தெருக்காரன் தெற்குத்தெருக்காரனின் வாயில் குத்தி, தானே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். தெற்குத்தெருக்காரன் அவனை மிதித்துவிட்டுத் தானே விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். எதிராளி எங்கோ மறைத்து எதையோ வைத்து அடிக்கிறான் என்று நினைத்து ஒவ்வொருவனும் இன்னும் பலமாக அடித்தான். கால்மணி நேரத்தில் நாற்பது பேர் மணலில் ரத்தத்தோடு கிடக்க, ஒருவர் கைகூட இன்னொருவர் ரத்தத்தில் நனைந்திருக்கவில்லை. சாமி தனியாக நின்றது. அப்போதுதான் ஊர்த்தலைவரான நாட்டார் சுப்பராயலு, தன் உடைந்த கைமுட்டியைப் பார்த்துக்கொண்டே, "இது மெஷினு வேலடா" என்றார்.

ஏலக்கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. மெஷினை உடைத்துக் கடலில் போடவேண்டும் என்று பாதிப்பேர் எழுந்தார்கள். உடைத்தால் உள்ளே போனது வெளியே வந்துவிடுமா என்று ஒருவன் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. வராதென்றால் உடைத்து என்ன பிரயோசனம், ஆனது ஆகிவிட்டது, பீராவது ஜில்லென்று கிடைக்கட்டும் என்று இன்னொருவன் சொன்னான். ரொம்பநேரம் பேசி, மெஷின் இருக்கட்டும் என்று சுப்பராயலு தீர்ப்புச் சொன்னார்.

பிறகு ஊர் அதற்கு ஏற்றபடி தன்னைத் திருத்திக்கொண்டது. ஆம்பிளைகள் வாயால் சண்டைபோடப் பழகினார்கள். மூன்று தலைமுறைக்கு எட்டுகிற புதுப்புது வசவுகள் சங்குமேட்டில் அப்போதுதான் உண்டாயின. கபடி கோஷ்டி எல்லா ஊரிலும் தோற்றுவந்தது. அஞ்சாலாட்சியின் மகள் மோனிஷா சத்தமாகப் பாட்டுப்பாடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். ஒன்பது வயசில் அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அம்மாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. வெளியூரிலிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்பதற்கு முன்னால், "மெஷின் பீர் குடிச்சிட்டாரா?" என்று கேட்டார்கள். குடித்தவனுக்குப் பெண் உடனே கிடைத்தது.

அப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் சேதி நடுவாய்க்காலுக்குப் போயிற்று.

நடுவாய்க்கால் வடக்கே இருக்கிற பெரிய குப்பம். அவர்களுக்கும் சங்குமேட்டுக்கும் வலைத் தகராறு பழசு. அவர்களிடம் குஞ்சைக்கூட விடாமல் வாரிப்போகிற பெரிய வலை. அதைச் சங்குமேட்டுக் கடலில் விரிக்கக்கூடாது என்று இவர்கள் ஆள்பலத்தால் தடுத்துவைத்திருந்தார்கள். சங்குமேட்டான் கை ஓங்கினால் அவன் மண்டைதான் உடையும் என்று தெரிந்ததும் நடுவாய்க்கால் படகுகள் பகலிலேயே வந்து வலையை இறக்கின. தடுக்கப் போனவர்களைத் துடுப்பால் அடித்தார்கள். திருப்பி அடித்தவர்கள் இரண்டு அடியாக வாங்கினார்கள், அவன் அடித்தது ஒன்று, தான் அடித்தது ஒன்று. சங்குமேட்டு வலைகளை அறுத்துப்போட்டுவிட்டு, "போயி பீர் குடிங்கடா" என்று சிரித்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஞானசெல்வம் பொறுக்கமாட்டாமல் படகின் முன்தலையில் ஏறி நின்று, பெரிய மீனைக் குத்துகிற மண்டாவை எடுத்து, எதிர்ப்படகில் சிரித்துக்கொண்டிருந்தவனின் தொண்டையைக் குறிவைத்து எறிந்தான். குறி தப்பவில்லை. மண்டா அவன் கழுத்தில் பட்டுப் பூப்போல நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஞானசெல்வம் தன் தொண்டையில் கட்டைவிரல் போகிற ஓட்டையோடு, அதிலிருந்து குமிழ்குமிழாய் மூச்சு வெளியேற, கையை ஓங்கியபடியே படகுக்குள் மல்லாந்தான். கரைக்கு வரும்வரை உயிர் இருந்ததாக உடன்போனவர்கள் சொன்னார்கள்; அம்மா என்று சொல்லப் பார்த்தானாம், காற்றுத்தான் வந்ததாம்.

பிணத்தை எடுத்ததற்கு மறுநாள் பச்சைவாழி அஞ்சாலாட்சியின் சமையல்கட்டுக்கு வந்து, மெஷினுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். தலை விரிந்து கிடந்தது.

"அவனுக்கு நீதான ஊத்தன?" என்றாள் பச்சைவாழி.

"நாந்தான் யக்கா."

"நாந்தான ஊத்தச் சொன்னன்?"

அஞ்சாலாட்சி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடேசியா ரெண்டு மாசம் என்னோட ஒக்காந்து சோறு துன்னான்டி. மீனு முள்ள எடுத்துட்டு எனக்கு வச்சான். அதுக்காவத்தான குடுத்தன்? அதுக்கா கொன்னன்?" என்று பச்சைவாழி மெஷினைப் பார்த்துக் கேட்டாள். மெஷின் உள்ளுக்குள் உறுமிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வந்து சங்குமேட்டுப் படகுகளை எல்லாம் கொளுத்தப்போவதாக நடுவாய்க்காலிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தேர்தல் வேலை, ஆள் இல்லை, திங்கட்கிழமை வருகிறோம் என்று பதில் வந்தது. ஏலக்கூடத்தில் ஆம்பிளைகள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படகைச் சுற்றிக் கைகோத்து நிற்கலாம், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்குமேல் நம்மால் ஆகாது என்று தாண்டவராயன் சொன்னான். ஒருகாலத்தில் ஒற்றை ஆளாகப் பத்துப்பேரை ஓட்டினவன் அப்படிச் சொன்னது மற்றவர்களுக்கு அழுகையை வரவழைத்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஞ்சாலாட்சிதான் அதைச் சொன்னாள். "நாங்க யாரும் குடிக்கலியே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது உண்மை. சங்குமேட்டில் ஒரு பெண்கூட அந்த பீரை வாயில் வைத்ததில்லை. அதன் தேவை தங்களுக்கும் வரும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறியதும் முப்பது படகுகளில் மண்ணெண்ணெய் கேன்களோடு நடுவாய்க்கால்காரர்கள் வந்து இறங்கினார்கள். கரையில் ஆம்பிளைகள் கைகோத்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த வரிசை பிளந்து உள்ளிருந்து பெண்கள் வருவதைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பு கூடியது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. சேலையை வரிந்து கட்டிய நூற்றுப்பத்துப் பெண்கள் துடுப்பும் உலக்கையும் சுறா வெட்டுகிற கத்தியுமாக இறங்கினார்கள். எங்கே அடித்தால் எவ்வளவு வலிக்கும், எந்த அடிக்கு ஆள் சத்தம் போடுவான், எந்த அடிக்குச் சத்தமே வராமல் மடங்குவான், எது வெளியே தெரியாது, எது ஆறுமாசம் ஆறாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அவரவர் உடம்பில் எழுதியிருந்தது. பச்சைவாழி கையில் மகனின் மண்டா இருந்தது. அவள் ஒருவனை மட்டும் தேடிப்போனாள், தொண்டையில் மண்டா பூப்போலப் பட்டவனை, அவனைக் கண்டுபிடித்து, முழங்கால் அளவு தண்ணீரில் வைத்து, தொண்டையிலேயே குத்தினாள். கத்தி இறங்கிய தோள்கள், உலக்கை விழுந்த தாடைகள், மணலில் யாருடையது என்று தெரியாமல் கிடந்த இரண்டு விரல்கள், ஓடமுடியாமல் முழங்கையால் ஊர்ந்து தண்ணீருக்குப் போனவர்கள். அலை சிவப்பாக வந்து சிவப்பாகப் போயிற்று.

அஞ்சாலாட்சியின் முன்னால் விழுந்தவன் மீசை சரியாக முளைக்காத இளைஞன். முதல் அடியிலேயே அவன் முழங்கால் பக்கவாட்டில் மடங்கிவிட்டது. "யக்கா, வுட்டுடுக்கா, யக்கா" என்று கையெடுத்தான். விட்டிருக்கலாம். படகுகள் அதற்குள் திரும்ப ஆரம்பித்துவிட்டன. ஆனால் துடுப்பு இறங்கும்போது உள்ளங்கையிலிருந்து தோள்வரைக்கும் ஏறிய அதிர்வு அவளுக்குப் பிடித்திருந்தது; பத்து வருஷமாக உள்ளே அடைத்துக்கிடந்த எதுவோ ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பையனுக்குள் இறங்கியது. அவன் அக்கா என்பதை நிறுத்தின பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"போதும்மே, போதும்" என்று தாண்டவராயன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். அவள் திரும்பி, அதே துடுப்பால் அவன் நெற்றியில் அடித்தாள். அவன் மணலில் உட்கார்ந்து, ரத்தம் கண்ணில் வழிய அவளைப் பார்த்தான். கையை ஓங்கவில்லை. ஓங்கினாலும் பயனில்லை என்று இரண்டுபேருக்கும் தெரியும்.

இனித்தது அவளுக்கு.

நடுவாய்க்காலில் இரண்டு சாவு. அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இனி நடக்கமாட்டான் என்றார்கள். போலீஸ் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், சமாதானக் கூட்டம் போட்டார்கள், பெரிய வலை இனி தெற்கே வராது என்று கையெழுத்தாயிற்று. தண்ணீரில் நின்று மண்டாவால் குத்தினவள் யார் என்று நூற்றுப்பத்துப் பேரிடமும் கேட்டார்கள். நான்தான் என்று நூற்றுப்பத்துப் பேரும் சொன்னார்கள். பெண்களுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டினார்கள். அதற்குப் பிறகு சங்குமேட்டு வீடுகளில் மெல்ல மெல்லப் பழைய ஓசைகள் கேட்கத்தொடங்கின. குழம்பு ஆறிப்போகும்வரை வரவில்லை என்று ஒருத்தி புருஷனைக் கரண்டியால் அடித்தாள். பதில் பேசினான் என்று ஒருத்தி சுடுதண்ணீரை வீசினாள். பச்சைவாழி தன் தம்பியைக் காரணமில்லாமல் தெருவில் வைத்து மிதித்தாள். யாரும் தடுக்கவில்லை, மகனைப் பறிகொடுத்தவள் என்று விட்டுவிட்டார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் கேட்டபோது ஆம்பிளைகள் கால் வழுக்கிவிட்டது என்றார்கள். இந்தத் தடவையும் பொய்தான்.

அஞ்சாலாட்சி தாண்டவராயனை அந்த மாசத்தில் மூன்றுதரம் அடித்தாள். முதல்தரம் அவன் பழைய பேச்சு ஒன்றைப் பேசினான். இரண்டாம்தரம் பேசப்போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாம்தரம் அவன் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கு மறுநாள் மத்தியானம், ஊறுகாய் ஜாடி மேல்தட்டில் இருந்தது. அஞ்சாலாட்சி எம்பிக் கையைத் தூக்கினாள். கீழே சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருந்த மோனிஷா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சோறு தரையில் சிதறியது.

அஞ்சாலாட்சியின் கை மேலேயே நின்றது. அந்தப் பிள்ளைமேல் அவள் ஒருநாளும் கை வைத்ததில்லை. கூடவே, மோனிஷா பாடிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப்பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை.

"ஊறுகாய்தாம்மா எடுத்தன்" என்றாள். மோனிஷா தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

அஞ்சாலாட்சி பிள்ளைக்கு வேறு சோறு போட்டுக் கொடுத்து வெளியே அனுப்பினாள். தாண்டவராயன் வாங்கிவைத்திருந்த பாட்டிலைத் திறந்து குடுவையில் ஊற்றினாள், மூடியை இறுக்கினாள், காஸ் குப்பியைத் திருகினாள், பிளக்கைச் சொருகினாள். பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கையில் பின்வாசல் வழியே பச்சைவாழி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடி?"

"எனக்குத்தான் யக்கா."

பச்சைவாழி உள்ளே வந்து மெஷினுக்குக் குறுக்கே நின்றாள். "உனுக்குப் பைத்தியமா? நாளைக்கு அவனுங்க திரும்பி வந்தா? நம்ம கையாலதான்டி நாம இன்னிக்கு உசுரோட இருக்கறம். எம் புள்ள எப்பிடிப் போனான்னு மறந்துட்டியா?"

"மறக்கல யக்கா."

"அப்புறம்?"

"எம் பொண்ணு என்னப் பாத்துப் பயப்படுது."

பச்சைவாழி அடிப்பவள்போலக் கையை ஓங்கி, அப்படியே இறக்கி, வந்தவழியே போய்விட்டாள்.

பச்சை எரிந்தது. அஞ்சாலாட்சி கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பிடியைக் கடைசிவரைக்கும் இழுத்தாள். ஆயிரம் கிளாஸ் ஊற்றிய கை அன்று கிளாஸை நிமிர்த்த மறந்தது. நுரை வழிந்து தட்டில் சிந்தியது. வாயில் வைத்தாள். கசந்தது. இதற்கா இவ்வளவு கூட்டம் என்று நினைத்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுசும் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. வயிறு குளிர்ந்தது, ஏப்பம் வந்தது, அவ்வளவுதான்.

தாண்டவராயன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் துடுப்புப்பட்ட தழும்பு, அதற்குக் கீழே நேற்றைய வீக்கம்.

"பொம்பளைக்கும் பலிக்குமா இது?" என்று அவனிடம் கேட்டாள் அஞ்சாலாட்சி.

"தெரியல. யாரும் குடிச்சதில்லியே."

"எப்பிடித் தெரிஞ்சிக்கிறது?"

அவன் உள்ளே வந்து அவளுக்கு எதிரில், கை நீட்டினால் படுகிற தூரத்தில் நின்றான். "அடிச்சிப் பாரு" என்றான். "நேத்து அடிச்சமாதிரியே அடி. கொறைக்காத."

அவள் அடித்தாள். குறைக்கவில்லை. சமையல்கட்டில் சத்தம் எழும்பியது. அவன் தலை அசையவில்லை. அவள் கன்னத்துக்குள் நெருப்பு வைத்ததுபோல ஏறி, காது அடைத்து, கண் இருட்டி, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயில் உப்புக் கரித்தது. பத்து வருஷமாக அடி வாங்கிய உடம்பு அவளுடையது. அதில் இவ்வளவு பெரிய அறை ஒன்றிரண்டுதான் விழுந்திருக்கும்.

ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்து, "இம்மாம் பலமாவா உன்ன அடிச்சன்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் தாண்டவராயன்.

அவள் தலையாட்டினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். கிளாஸைக் கழுவி, குழாயின் மூக்குக்குக் கீழே மறுபடியும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வீங்குகிற கன்னத்தோடு பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"பச்சைவாழி யக்கா! செத்த வந்துட்டுப் போ."